புனலுக்கு இன்னொரு பெயர்: டப்ளின் இலக்கிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களுக்கு

முதலில் உங்கள் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை நீக்கிவிடுங்கள். பார்னெல் சதுக்கம், எண் 18. டப்ளின் எழுத்தாளர் அருங்காட்சியகம் 1991 முதல் அங்கேதான் இருந்தது. பழைய பயண வழிகாட்டி நூல்கள் எல்லாம் அங்கேதான் அனுப்பும். 2020-ல் கொரோனா காலத்தில் மூடிய கதவு பிறகு திறக்கவே இல்லை. இனி திறக்கப் போவதில்லை என்று 2022-ல் அறிவித்தும்விட்டார்கள். டப்ளினில் ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டு வருகிறவர் அந்தப் பூட்டிய வாசலில் காலை நேரத்தை இழக்கக் கூடாது.

போக வேண்டிய இடம் நகரின் நடுவே உள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவின் தெற்குத் தெரு. 85, 86 என்று எண்ணிட்ட இரண்டு பழைய வீடுகள், சேர்த்து நியூமன் ஹவுஸ் என்பார்கள். அயர்லாந்து இலக்கிய அருங்காட்சியகம் 2019 செப்டம்பரில் அங்கே திறந்தது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியும் அயர்லாந்து தேசிய நூலகமும் சேர்ந்து நடத்துகின்றன. ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தை ‘மோலி’ என்று உச்சரிக்கிறார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலின் கடைசி அத்தியாயம் முழுக்கத் தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டே இருக்கிறாளே, அந்த மோலி புளூமை நினைத்து வைத்த பெயர்.

லூவாஸ் டிராமின் பச்சைத் தடத்தில் வந்தால் நிறுத்தம் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் வரும். சாலையைச் சுற்ற வேண்டாம், பூங்காவுக்குள் புகுந்து தெற்கு வாசலை நோக்கி நடந்தால் சில நிமிடத்தில் எதிரே இருக்கும். திங்கட்கிழமையை இதற்கு ஒதுக்காதீர்கள். மற்ற நாளிலும் மூடும் நேரத்துக்குக் கணிசமாக முன்பே கடைசி அனுமதி முடிந்துவிடும். மதியம் நான்கு மணிக்கு மேல் உள்ளே போனால் பாதிதான் பார்ப்பீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

இலக்கிய அருங்காட்சியகம் எதுவானாலும் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. ஓவியம் என்றால் சுவரில் மாட்டிவிடலாம், வாள் என்றால் பெட்டியில் வைக்கலாம். நாவலை என்ன செய்வது? மூடி வைத்தால் அட்டை, திறந்து வைத்தால் இரண்டு பக்கம். கையெழுத்துப் படிகளையும் நெடுநாள் வெளிச்சத்தில் வைக்க முடியாது. காகிதம் பழுக்கும், மை வெளிறும். அதனால்தான் காகிதப் பொருள்கள் உள்ள அறைகளில் உலகெங்கும் சுமார் 50 லக்ஸ் அளவுக்கே மங்கலான ஒளி விடுகிறார்கள். வெயிலில் நடந்து வந்து நேரே அப்படிப்பட்ட அறைக்குள் நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே நின்றால் உங்கள் முகம்தான் தெரியும்; சற்றுப் பக்கவாட்டில் நின்று சாய்ந்து பாருங்கள். படிக்கும் கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவர்கள் வருந்துவார்கள், எழுத்துகள் பொடி.

மோலியில் இந்தச் சங்கடத்துக்கு விடை அந்த வீடுதான். ‘பெட்டிகளில் பொருள் குறைவு’ என்று குறைப்பட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பார்க்காதவர்கள். எண் 85, 1738-ல் ரிச்சர்ட் காசல் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. உள்ளே சுவிட்சர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த லாஃப்ராங்கினி சகோதரர்கள் செய்த சுதை வேலை. ஓர் அறைச் சுவரில் அப்பல்லோவும் ஒன்பது கலைத் தேவியரும் புடைத்து நிற்பார்கள். பக்கத்து எண் 86-ஐ 1765-ல் கட்டிக்கொண்டவர் ரிச்சர்ட் சாப்பல் வேலி, கத்தோலிக்கர்களை அடியோடு வெறுத்தவர். நூறு ஆண்டு ஆவதற்குள் அவர் வீட்டிலேயே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் குடியேறியது. 1854-ல் அதன் முதல் தலைவராக வந்தவர் ஜான் ஹென்றி நியூமன். வீட்டின் இன்றைய பெயர் அவருடையது. 1883-ல் இயேசு சபையினர் கல்லூரியை ஏற்றார்கள். 1898 முதல் 1902 வரை ஜாய்ஸ் இங்கே மாணவர்.

ஆகவே நுழைவுச் சீட்டு வாங்கும்போதே, பழைய அறைகளை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் ஏற்பாடு அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காட்சிக்கூடம் வேறு, இந்தச் சுற்று வேறு. கேட்காமல் விட்டால் நழுவிப்போகும்.

வருவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துக்கொண்டு வர வேண்டும். ‘யுலிஸிஸ்’ முழுவதையும் அல்ல, பயப்பட வேண்டாம். 1916-ல் வெளிவந்த ஜாய்ஸின் முதல் நாவல் ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’. அதன் ஐந்தாவது, கடைசி அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. சில பக்கங்கள்தான், ஆங்கிலமும் கடினமில்லை. இயற்பியல் வகுப்பறை என்று இந்த வீட்டில் காட்டுகிறார்களே, அதே அறையில் நடக்கும் காட்சி அது.

கல்லூரி மாணவன் ஸ்டீபன் வகுப்புக்குப் பிந்தி வருகிறான். அறையில் மாணவர் யாரும் இல்லை. கணப்படுப்பின் முன்னால் பாதிரியார் ஒருவர் குந்தி நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார். கல்லூரியின் படிப்பு முதல்வர், ஆங்கிலேயர், மதம் மாறிக் கத்தோலிக்கரானவர். அங்கியின் பக்கவாட்டுப் பைகளிலிருந்து நான்கு மெழுகுவர்த்தித் துண்டுகளை எடுத்து, கரிக்கும் முறுக்கிய காகிதத்துக்கும் நடுவே பக்குவமாக வைக்கிறார். நெருப்பு மூட்டுவதும் ஒரு கலைதான் என்கிறார். பேச்சு அழகியலுக்குப் போகிறது, விளக்குக்குப் போகிறது, விளக்கில் எண்ணெய் ஊற்றும் கருவிக்குப் போகிறது. நாம் புனல் என்கிறோமே, அது. முதல்வர் அதை ஃபனல் என்கிறார். ஸ்டீபனுக்கு அந்தச் சொல்லே புதிது. ‘அதை டன்டிஷ் என்றல்லவா சொல்வார்கள்?’ என்கிறான். முதல்வர் அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ‘அயர்லாந்தில் அப்படியா சொல்கிறார்கள்?’ என்று ஆர்வமாக விசாரிக்கிறார். டப்ளினின் ஓர் எளிய பகுதியின் பெயரைச் சொல்லி, அங்கேதான் மிகச் சிறந்த ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று ஸ்டீபன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான்.

சிரித்தாலும் உள்ளே வலிக்கிறது. நாம் பேசும் மொழி எனக்கு முன்னால் இவருடையது. வீடு என்றும் எஜமான் என்றும் இவர் வாயில் வரும் சொல் வேறு, என் வாயில் வருவது வேறு. இந்த மொழியின் நிழலில் என் மனம் பதறுகிறது என்று நினைக்கிறான். இன்னொருவர் மொழியில் படித்து, அதிலேயே தேர்வு எழுதி வளர்ந்த எவருக்கும் இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் காட்சி அத்தோடு முடிந்ததாக நினைத்துப் பலர் நூலை மூடிவிடுகிறார்கள். நாவலின் கடைசிப் பக்கங்களில் வரும் நாட்குறிப்பையும் படியுங்கள். ஸ்டீபன் அகராதியைப் புரட்டுகிறான். டன்டிஷ் ஐரிஷ் சொல்லே அல்ல. பழைய, கலப்பில்லாத ஆங்கிலச் சொல். ஆங்கிலேயருக்கு மறந்துபோன தங்கள் சொல்லை டப்ளின் பையன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். அவனுக்கு வரும் கோபம் அந்த முதல்வர் மேல்: தன் மொழியை எங்களுக்குக் கற்பிக்க வந்தாரா, எங்களிடம் கற்க வந்தாரா?

அந்த முதல்வருக்கு மூல உருவம் இங்கே உண்மையில் பணியாற்றிய ஜோசப் டார்லிங்டன் பாதிரியார். மாணவர் இலக்கிய மன்றத்தில் ஜாய்ஸ் 1900-லும் 1902-லும் கட்டுரை படித்ததும் இதே அறையில்தான். அந்தச் சில பக்கங்களைப் படிக்காமல் நுழைகிறவருக்கு அது ஒரு பழைய வகுப்பறை, அவ்வளவுதான். படித்திருந்தால் கண் தானாகக் கணப்படுப்பைத் தேடும்.

இந்த வீட்டில் ஜாய்ஸுக்கு முன்னால் இருந்த இன்னொருவரும் எனக்கு அதே அளவுக்கு முக்கியமாகப் படுகிறார். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ், ஆங்கிலேயக் கவி, இயேசு சபைப் பாதிரியார். 1884-ல் கிரேக்கப் பேராசிரியராக இங்கே அனுப்பப்பட்டார். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தியே களைத்துப்போனார். உடலும் மனமும் நொந்து, இருட்டில் விழித்துக்கொண்டு கிடக்கும் நிலையைச் சொல்லும் பதினான்கு வரிப் பாடல்களை இந்த ஊரில்தான் எழுதினார். 1889 ஜூனில் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தபோது வயது 44. கவிதைகள் நூலாக வந்தது 1918-ல். கீழே அப்பல்லோவும் கலைத் தேவியரும் நிற்கும் வீட்டில் அவர் வாழ்ந்த அறை எளிமையானது. அதைச் சுற்றில் காட்டினால் அவசரப்படாதீர்கள்.

இனி காட்சிக்கூடம். முதலில் ஒலி. அயர்லாந்து எழுத்தாளர்கள் பலருடைய வரிகள் பல குரல்களில், ஐரிஷிலும் ஆங்கிலத்திலும், ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து வரும்படி ஓர் அறையை அமைத்திருக்கிறார்கள். ஜாய்ஸின் கடைசி நாவலின் முதல் சொல்லான ‘ரிவர்ரன்’ இதன் பெயரில் வருகிறது, ஆற்றோட்டம் என்று கொள்ளலாம். நடந்துகொண்டே கேட்டால் இரைச்சல்தான். ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் குரல்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும். ஐரிஷ் மொழி ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் அதன் தொண்டை ஒலிகள், மெல்லிய ‘ஹ்’ ஓசைகள், ஆங்கிலத்திலிருந்து தனியாக நிற்கும். அயர்லாந்து இலக்கியம் என்றாலே ஆங்கில இலக்கியம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் இங்கே நிற்பது நல்லது. ஒரு கிராமத்து இடுகாட்டில் புதைந்து கிடக்கும் பிணங்கள் எல்லாம் ஓயாமல் வம்பு பேசுவதை மட்டுமே நாவலாக எழுதிய மார்ட்டின் ஓ கைன் ஐரிஷில் எழுதியவர்தான். 1949-ல் வந்த அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-ல்தான் நூலாக வந்தது.

அடுத்து, எல்லாரும் தேடிப் போகும் கண்ணாடிப் பெட்டி. உள்ளே இருப்பது ‘யுலிஸிஸ்’ முதல் பதிப்பின் 1-ஆம் எண் படி. ஒரு நீலப் புத்தகம், அவ்வளவுதானா என்று அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த எண்ணைப் பற்றித் தெரிந்திருந்தால் நகர மாட்டார்கள்.

1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் 40-ஆவது பிறந்தநாள். பாரிஸில் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்ற சிறிய புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண் அன்று அந்த நாவலை வெளியிட்டார். மொத்தம் 1000 படிகள், எல்லாவற்றுக்கும் எண் உண்டு. 1 முதல் 100 வரை கையால் செய்த டச்சுக் காகிதம், ஆசிரியர் கையெழுத்தோடு 350 பிராங்க். அடுத்த 150 படிகள் ஆர்ஷ் காகிதம், 250 பிராங்க். மீதி 750 படிகள் 150 பிராங்க். 732 பக்கம். அச்சிட்டவர் திஜோன் நகரத்து மோரிஸ் தரந்தியேர். அவருடைய அச்சுக் கோப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஜாய்ஸோ மெய்ப்பு அனுப்பும்போதெல்லாம் ஓரங்களில் எழுதி எழுதிச் சேர்த்தார். நூலில் மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புத் தாளிலேயே எழுதியது என்பது அவரே சொன்ன கணக்கு. பிழைகள் மலிந்தன. தவிர்க்க முடியாத சூழலில் நேர்ந்த அச்சுப் பிழைகளை வாசகர் பொறுத்தருள வேண்டும் என்று பதிப்பாளர் நூலிலேயே ஒரு குறிப்பு வைக்க வேண்டி வந்தது.

அட்டையின் நீலம் கிரேக்கக் கொடியின் நீலம். அதுதான் வேண்டும் என்று ஜாய்ஸ் பிடிவாதமாக நின்றார். அந்த நிறத்தில் சரியான தாள் கிடைக்காமல், கடைசியில் வெள்ளைத் தாள்மேல் நீலத்தை அச்சிட்டார்கள். பெட்டியின் முன்னால் நிற்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

1-ஆம் எண் படியை ஜாய்ஸ் கையெழுத்திட்டுக் கொடுத்தது மனைவிக்கு அல்ல, பீச்சுக்கும் அல்ல. லண்டனில் சிறு பத்திரிகை நடத்திய ஹாரியட் ஷா வீவருக்கு. முதல் நாவலைத் தொடராக வெளியிட்டவர் அவர். ஆண்டுக்கணக்காகத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஜாய்ஸ் குடும்பத்தைத் தாங்கியவர். ‘யுலிஸிஸ்’ நாவலையும் இங்கிலாந்தில் வெளியிட முயன்றார், ஆனால் ஆபாச வழக்கு வந்தால் அச்சகத்தாரையும் சட்டம் பிடிக்கும் என்பதால் எந்த அச்சகமும் துணியவில்லை. அந்தப் பெண்மணி பின்னாளில் இந்தப் படியை அயர்லாந்து தேசிய நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரு நூல் வெளிவர யாருடைய பணமும் பொறுமையும் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேறெங்கும் எனக்குத் தெரியாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இங்கே ஜாய்ஸின் நிழல் மிகப் பெரியது. யேட்ஸ், பெக்கெட், ஹீனி போன்ற மற்ற ஐரிஷ் எழுத்தாளர்களுக்காக வருகிறவர்கள் வேறிடமும் போக வேண்டியிருக்கும். ஹீனிக்கு, வட அயர்லாந்தில் அவர் பிறந்த வட்டாரமான பெல்லாகியில் 2016-ல் திறந்த தனிக் கூடமே உண்டு. இதே கல்லூரியில் படித்த கேட் ஓ’பிரையன், மேரி லாவின், மேவ் பின்ச்சி போன்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. 1929-ல் அயர்லாந்து நூல் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. 1941-ல் கேட் ஓ’பிரையனின் ஒரு நாவலைத் தடை செய்தார்கள், அதில் இருந்த ஒரே ஒரு வாக்கியத்துக்காக. ஊரெல்லாம் ஆபாசம் என்று பேசிய ‘யுலிஸிஸ்’ அயர்லாந்தில் முறையாகத் தடை செய்யப்படவே இல்லை. ஒற்றை வாக்கியத்துக்காக ஒரு பெண்ணின் நூல் முடங்கியது.

வெளியேறும் முன் பின்பக்கத் தோட்டத்துக்குப் போங்கள். 1902-ல் பட்டம் பெற்றபோது ஜாய்ஸ் அருகில் நின்று படமெடுத்துக்கொண்ட ஆஷ் மரம் இன்னும் அங்கே நிற்கிறது. மழை பெய்தாலும் பாருங்கள். டப்ளினில் மழைக்குக் காத்திருந்தால் எதையும் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் பல்கலைக்கழகத் தேவாலயமும் நியூமன் கட்டியதுதான். தெருவிலிருந்து பார்த்தால் வாசல் சிறியது, உள்ளே பைசாந்திய பாணியில் பளிங்கு மின்னும். கால் மணி நேரம் போதும்.

எதிரே பூங்காவில், நியூமன் ஹவுஸைப் பார்த்தபடி ஜாய்ஸின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதே பூங்காவில் ரவீந்திரநாத் தாகூருக்கும் சிலை உண்டு. கீதாஞ்சலியின் ஆங்கில நூலுக்கு 1912-ல் முன்னுரை எழுதியவர் யேட்ஸ். தாகூரின் அஞ்சலகம் நாடகத்தை 1913-ல் டப்ளின் அபே அரங்கில் மேடையேற்றினார்கள்.

அரை நாள் மிச்சம் இருந்தால் டார்ட் ரயிலில் தெற்கே சாண்டிகோவ் போகலாம். கடலோரமாகச் சற்று நடந்தால் 1804-ல் நெப்போலியன் படையெடுப்புக்கு அஞ்சிக் கட்டிய வட்டக் கோபுரம் வரும். 1904 செப்டம்பரில் ஜாய்ஸ் அதில் ஆறு இரவு தங்கினார். உடன் தங்கியவர்கள் நள்ளிரவில் துப்பாக்கி வெடித்ததால் எழுந்து நடந்தவர் திரும்பவே இல்லை. ‘யுலிஸிஸ்’ தொடங்குவது அந்தக் கோபுர மாடியில். 1962-ல் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தவர் அதே சில்வியா பீச். தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், நுழைவு இலவசம், உண்டியலில் போடலாம். ஜாய்ஸின் கிதார், பூவேலை செய்த இடுப்புச் சட்டை, இறந்தபின் முகத்தில் எடுத்த வார்ப்பு எல்லாம் உள்ளே. மேலே போகும் சுழல் படி மிகக் குறுகல். முழங்கால் வலி உள்ளவர்கள், பெரிய முதுகுப்பை வைத்திருப்பவர்கள் யோசித்து ஏறுங்கள்.

அந்தத் தடத்திலேயே சாண்டிமவுண்ட் என்ற நிலையம் வரும். சென்னை வாசகர்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாடகை கொடுக்க முடியாமல் தவித்த ஜாய்ஸுக்கு அதே 1904-ல் சில நாள் இடம் கொடுத்தவர்கள் அங்கே குடியிருந்த ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் தம்பதி. ஜேம்ஸ் அக்காலத்து ஐரிஷ் மறுமலர்ச்சிக் கவிஞர்களில் ஒருவர். 1915-ல் அன்னி பெசன்டின் அழைப்பில் இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அடையாறில் 1917-ல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் மார்கரெட் ஒருவர். 1919-ல் மதனப்பள்ளியில் தாகூரின் ஜனகணமன பாட்டுக்கு இசைக் குறிப்பு எழுதியவரும் அவர்தான். 1954-ல் அடையாறில் காலமானார்.

ஜேம்ஸின் கவிதையை ஜாய்ஸ் ஒருபோதும் மதிக்கவில்லை, 1912-ல் ஓர் அங்கதப் பாட்டில் கேலியும் செய்தார். ஆனால் கடனை மறக்கவில்லை. ‘யுலிஸிஸ்’ இரண்டாம் அத்தியாயத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர் டீஸி, இப்போது அங்கே ஆசிரியராக இருக்கும் அதே ஸ்டீபனுக்கு 3 பவுன் 12 ஷில்லிங் சம்பளத்தை மேஜைமேல் எண்ணி வைக்கிறார். யாருக்கும் கடன்படாமல் வாழ்வதே ஆங்கிலேயனின் பெருமை என்று உபதேசமும் செய்கிறார். ஸ்டீபன் மனசுக்குள் தன் கடன்காரர் பட்டியலை ஓட்டுகிறான். ஒன்பது பவுன், மூன்று ஜோடி காலுறை, இரண்டு மதியச் சாப்பாடு, ஐந்து வார அறைச் சாப்பாட்டுப் பாக்கி என்று நீளும் அந்தப் பட்டியலில், நடுவில் வருகிறது: கசின்ஸ், பத்து ஷில்லிங்.